கட்டைக்குத்து மட்டப்பாவும் ஜெர்மன்காரன் மரவீடும்

விருதுநகர்ல பார்க்க என்ன இருக்குன்னு வெளியூர்க்காரங்க கேட்டா எங்க ஊர் ஆளுங்க கொஞ்ச நேரம் முழிப்பாங்க. எண்ணெய் புரோட்டா இருக்கு. காமராஜர் வீடு இருக்கு. பங்குனிப் பொங்கல் சமயம்னா மாரியம்மன் கோவில் இருக்கு. அப்புறம்? அப்புறம் "ஸ்ரீவில்லிபுத்தூர் போங்க, கோபுரத்தைப் பாருங்க, பால்கோவா வாங்கிக்கோங்க"ன்னு பக்கத்து ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுருவாங்க.

நான் சொல்றது வேற. தெப்பக்குளத்தைச் சுத்தி இருக்குற பழைய தெருக்கள்ல ஏதாவது ஒரு காரைவீட்டுக்குள்ள போங்க (தெரிஞ்சவங்க வீடா இருக்கட்டும், இல்லேன்னா உதை விழும்). பட்டாசல்ல நின்னு அண்ணாந்து பாருங்க. அவ்வளவுதான். பாக்க வேண்டியது அங்க இருக்கு.

இந்த நெனப்பு எனக்கு வந்ததுக்கு ஒரு ஜெர்மன்காரன் காரணம். நேர்ல பாத்த ஜெர்மன்காரன் இல்ல, காலண்டர்ல பாத்தது. சிவகாசிப் பக்கம் பொறந்து வளந்தவங்களுக்கு இது தெரியும். சலூன், டீக்கடை, மளிகைக்கடை, டாக்டர் ரூம்னு எங்க போனாலும் சுவத்துல ஒரு வெளிநாட்டு வீடு தொங்கும். வெள்ளைச் சுவரு, அதுல குறுக்கும் நெடுக்குமா கருப்பு மரச்சட்டம், கூரான ஓட்டுக்கூரை, சன்னல்ல சிவப்புப் பூந்தொட்டி. கீழே "ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ், மொத்த சில்லறை வியாபாரம்". அச்சடிச்சது சிவகாசி. அச்சடிச்ச மெஷின்லயும் பாதிக்கு மேல 'ஹைடல்பெர்க்'னு எழுதியிருக்கும், அதுவே ஒரு ஜெர்மன் ஊர்ப் பேருதான். ஜெர்மன் மெஷின்ல ஜெர்மன் வீட்டை அச்சடிச்சு தமிழ்நாடு பூரா மாட்டி வச்ச பெருமை எங்க மாவட்டத்துக்கு உண்டு. நம்ம வீட்டை ஒரு தடவையாச்சும் அச்சடிச்சோமா? என் கண்ணுல பட்டதில்ல.

அந்த காலண்டர் வீட்டைப் பத்தி மொதல்ல கொஞ்சம். அதை அலங்காரத்துக்குப் போட்ட கோடுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நம்மாளுங்க பலபேரு இப்ப பங்களா முகப்புல பிரவுன் பெயிண்ட் அடிக்கிறாங்க. அது கோடு இல்ல, எலும்பு. வீட்டோட பாரத்தைத் தாங்குறது பூரா அந்த மரச்சட்டந்தான், பெரும்பாலும் ஓக் மரம். நடுவுல இருக்குற வெள்ளைப் பகுதி வெறும் அடைப்பு. குச்சியைப் பின்னி மண்ணைக் குழைச்சு அப்பியிருப்பாங்க, இல்லேன்னா செங்கல். தச்சர்கள் சட்டத்தையெல்லாம் தரையிலயே இழைச்சு, பொருத்திப் பாத்து, ஒவ்வொண்ணுலயும் அடையாளம் வெட்டி வச்சு, அப்புறம் எடத்துக்குக் கொண்டுபோய் நிமித்துவாங்க. ஆணிக்குப் பதிலா மர முளை. பல வீட்டு உத்திரத்துல கட்டுனவன் பேரு, வருஷம் எல்லாம் செதுக்கியிருக்கும். கிவெட்லின்பூர்க்னு ஒரு ஊரு, அதுல இந்த மாதிரி வீடு மட்டும் ஆயிரத்துக்கு மேல. 14-ஆம் நூற்றாண்டு வீடு ஒண்ணு இன்னும் நின்னுக்கிட்டு இருக்கு, இப்ப அது மியூசியம். 1994ல யுனெஸ்கோ அந்த ஊரையே உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துருச்சு.

சரி, நம்ம மேட்டருக்கு வருவோம்.

நம்ம பக்கத்து வீட்டுல மரம் வெளிய தெரியாது, உள்ள இருக்கும். வெளிய பாத்தா தடிமனான சுவரு, ஒரு திண்ணை, சின்ன சன்னல், கனமான நிலைக்கதவு. நடை தாண்டி உள்ள போனா பட்டாசல். அங்கதான் தலைக்கு மேல சங்கதி. சுவத்துக்குச் சுவரு பெரிய உத்திரம். அதுக்கு மேல குறுக்கே ஒரு முழத்துக்கும் குறைஞ்ச இடைவெளியில சின்னச் சட்டங்கள். அந்தச் சட்டங்களுக்கு மேல, ஒரு அங்குல கனத்துக்குச் சுட்ட சின்னச் செங்கலை நெட்டுக்குத்தலா, சாய்கோணத்துல, சுண்ணாம்புச் சாந்துல தோய்ச்சுத் தோய்ச்சு ஒட்டிக்கிட்டே போவாங்க. இதுக்குப் பேருதான் கட்டைக்குத்து. இங்கிலீஷ்காரன் இதைப் பாத்துட்டு 'மெட்ராஸ் டெரஸ்'னு பேரு வச்சான். அடியில பலகை முட்டுக் கொடுக்கிறதெல்லாம் கெடையாது. ஒரு கொத்தனாரு மேல உக்காந்து ஒவ்வொரு கல்லா வச்சுக்கிட்டே பின்னால நகர்வாரு. கல்லு கீழ விழாது. ஏன் விழலைங்கிறது அவரு கைக்கும் அந்தச் சாந்துக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்.

அதோட முடியாது. மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூணு நாலு அங்குலத்துக்குப் போட்டு, பெண்கள் வரிசையா உக்காந்து மரக்கட்டையால தட்டணும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நாள் கணக்கா. கடுக்காய் ஊறுன தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் தெளிச்சுத் தெளிச்சுத் தட்டுவாங்க. கட்டை பட்டா துள்ளணும், தடம் பதியக் கூடாது, அப்பத்தான் நிறுத்தலாம். அதுக்கும் மேல தட்டோடு. இப்படிப் போட்ட மட்டப்பாதான் சித்திரை வெயில்ல, ஊரே கொதிக்கிறப்ப, கீழ படுத்திருக்கிறவனைக் காப்பாத்துது. இன்னைக்கு அதே வீட்டை இடிச்சுட்டுக் கட்டுன கான்கிரீட் வீட்டுல மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடி ரூம்ல போய் உக்காந்து பாருங்க, இட்லி மாதிரி வெந்து வருவீங்க. கரண்ட் பில்லு கட்டுறவங்களைக் கேட்டா இன்னும் நல்லா சொல்வாங்க.

மரம் எங்க இருந்து வந்துச்சு? வசதி இருந்தவங்க வீட்டுல பர்மா தேக்கு. எங்க வட்டாரத்துல பர்மாவோட கொடுக்கல் வாங்கல் அந்தக் காலத்துல சகஜம் (ஊர்ல பேர் போன புரோட்டாக் கடைக்கே பர்மா கடைன்னுதான் பேரு). 1876ல மதுரை தூத்துக்குடி ரயில் பாதை வந்துச்சு. கப்பல்ல தூத்துக்குடியில இறங்குற எந்தச் சரக்கும் விருதுபட்டிக்கு வந்து சேர்றது லேசாச்சு. 'விருதுபட்டி'ன்னுதான் அப்ப பேரு, 1923லதான் விருதுநகர் ஆச்சு. ஊர்ல விளையிறது கொஞ்சம், ஆனா வத்தலுக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் வெலை சொல்றது இந்த ஊருதான். அந்த வியாபாரக் காசுதான் உத்திரமா ஏறி உக்காந்துச்சு. 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சான், பர்மா தேக்கும் அத்தோட நின்னுச்சு. அதுக்குக் கொஞ்ச காலத்துல சிமெண்டும் கம்பியும் ஊருக்குள்ள வந்துருச்சு.

வசதி இல்லாதவங்க? பனை. இதை யாரும் பெருசா பேசுறதே இல்ல. வயசான பனையைப் பொளந்து, உள்ள இருக்குற சோத்தை எடுத்துட்டு, வைரம் பாய்ஞ்ச கருப்புப் பகுதியைக் கைமரமாவும் உத்திரமாவும் போட்டாங்க. கரையான் லேசுல அண்டாது. சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் கிராமங்கள்ல இன்னும் அந்த வீடுகள் ஒண்ணு ரெண்டு பாக்கலாம். என்னைக் கேட்டா தேக்கு வீட்டை விட இதுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி கொடுக்கணும். தேக்கை காசு கொடுத்து யாரும் வாங்கலாம். பனையைப் பாத்து, தட்டிப் பாத்து, இது எத்தனை வருஷம் தாங்கும்னு சொல்ல ஊர்லயே வளந்த ஆள் வேணும்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. 1922ல சிவகாசியில இருந்து அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்து ஆரம்பிச்சாங்க, அதுல இருந்துதான் பட்டாசு, அச்சு எல்லாம் கிளைவிட்டுச்சு. மரத்தைக் குச்சியாச் சீவி, மருந்து வச்சு, கொளுத்துறதுக்குன்னே பொட்டியில அடைச்சு உலகத்துக்கு வித்தவங்க நாங்க. மரத்தை நூறு வருஷம் பத்திரமா தலைக்கு மேல வச்சிருந்ததும் நாங்கதான். மொதல் கதை எல்லாருக்கும் தெரியும்.

இப்ப அந்த வீடெல்லாம் என்ன ஆகுது? இடிக்கிறாங்க. அதுக்கு வீட்டுக்காரங்களைத் திட்டுறதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஊர்ப் பெருமை பேசி எழுதுறவங்க பாதிப் பேரு சென்னையில ஃபிளாட்ல உக்காந்து எழுதுறாங்க (நானும் அந்த ஜாதிதான்). உள்ள இருக்கிறவனுக்குத்தான் தெரியும். ஒரே வீட்டுக்குப் பன்னெண்டு வாரிசு. அதுல நாலு பேரு அமெரிக்கா, ரெண்டு பேரு கோர்ட். மட்டப்பா ஒழுகுது. பாக்குறதுக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டா மேல சிமெண்டைப் பூசிட்டுப் போறாரு, அடுத்த மழைக்கு இன்னொரு எடத்துல ஒழுகுது. காரு உள்ள வராது. பொண்ணு பாக்க வர்றவங்க "பழைய வீடால்ல இருக்கு"ன்னு முகம் சுளிக்கிறாங்க. தெருவோ கடைத்தெருவா மாறிப்போச்சு, கீழ ரெண்டு கடை கட்டி வாடகைக்கு விட்டா மாசம் பொறந்தா காசு. இதையெல்லாம் தாண்டி ஒருத்தர் வீட்டை வச்சிருக்காருன்னா அது அவரோட பிடிவாதம், அரசாங்கமோ நாமோ அதுக்கு ஒரு துரும்பும் கிள்ளிப் போடலை.

இடிக்கிற அன்னைக்கு முதல்ல வர்றது பழைய மர வியாபாரி. நிலை, கதவு, தூணு, உத்திரம் எல்லாம் லாரி ஏறும். நல்ல வேலைப்பாடுன்னா காரைக்குடி. அங்க முனீஸ்வரன் கோவில் தெருவுல பழம்பொருள் கடைகளைப் பாத்தவங்களுக்குப் புரியும், தூணும் கதவும் வரிசையா சாத்தி வச்சிருப்பாங்க. அப்புறம் அது எந்த ஊரு ஓட்டல்லயோ 'பாரம்பரிய அழகு'ன்னு நிக்கும். வேலைப்பாடு இல்லாத உத்திரத்தை வாள்பட்டறையில அறுத்து புதுச் சன்னல் ஆக்கிடுவாங்க. சாய்ச்சு வச்ச கட்டைக்குத்துச் செங்கலை யாரும் வாங்க மாட்டாங்க, அது பள்ளத்தை நிரப்பப் போயிரும். மரம் பொழைச்சுக்கும். அந்தக் கொத்தனார் கை பொழைக்காது.

உடனே "ஜெர்மன்காரன் அறிவாளி, நாம முட்டாள்"னு ஒரு கூட்டம் கிளம்பும். அவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். ஜெர்மன்காரனும் இந்த மரவீட்டைப் பாத்து வெக்கப்பட்டவன்தான். 18, 19-ஆம் நூற்றாண்டுகள்ல, மரம் தெரிஞ்சா ஏழை வீடு மாதிரி இருக்குன்னும், தீப்பிடிச்சா ஆபத்துன்னும், சட்டத்து மேலயே சாந்து பூசிக் கல் வீடு மாதிரி ஆக்கினாங்க. நம்மாளு முகப்புல டைல்ஸ் ஒட்டுறான் இல்ல, அதே கதை. 20-ஆம் நூற்றாண்டுலதான் பூச்சைச் சுரண்டி மரத்தைத் திரும்ப வெளிய கொண்டாந்தாங்க. கிவெட்லின்பூர்க்கையே கிழக்கு ஜெர்மனி காலத்துல இடிச்சுட்டு புதுசா கட்டணும்னு திட்டம் போட்டாங்க, காசு இல்லாததால பெரும்பகுதி தப்பிச்சுது. வறுமை காப்பாத்துன ஊருங்க அது!

இதைவிட ருசியான கதை ஹில்டஸ்ஹைம் ஊரோடது. அங்க கசாப்புக்காரங்க சங்கம் 1529ல கட்டுன பிரமாண்டமான மரவீடு ஒண்ணு. (நம்ம ஊர் உறவின்முறை மாதிரி அங்க தொழிலுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கட்டடம்.) 1945 மார்ச் 22 குண்டுவீச்சுல எரிஞ்சு போச்சு. 60கள்ல அதே எடத்துல கான்கிரீட்ல ஒரு ஓட்டல் கட்டுனாங்க. ஊர்க்காரங்க மனசு கேக்கலை. 1987ல அந்த ஓட்டலை இடிச்சாங்க, 1989க்குள்ள பழைய மாதிரியே, மரத்தை மரத்தோட பொருத்தி, மறுபடி எழுப்பிட்டாங்க. அது எப்படி முடிஞ்சுது? பழைய படமும் அளவும் இருந்துச்சு, அந்த வேலை தெரிஞ்ச தச்சரும் இருந்தாங்க. நம்ம தெருவுல நாளைக்கு ஒரு வீடு போச்சுன்னா, திரும்பக் கட்டணும்னு எவனாவது பைத்தியக்காரன் நெனச்சாலும் முடியாது. அளவு எங்க இருக்கு?

அதனால 'பழைய வீடுகளைப் பாதுகாப்போம்'னு தட்டி பிடிக்கிறது என் வேலை இல்ல. எனக்குத் தேவை ரெண்டு மூணு சின்ன விஷயம்.

மொதல்ல கணக்கு. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர், இத்தனை ஊர்லயும் கட்டைக்குத்து மட்டப்பா உள்ள வீடு எத்தனை மிச்சம் இருக்குன்னு தெருத்தெருவா எழுதணும். எங்க மாவட்டத்துல இன்ஜினியரிங் காலேஜுக்குப் பஞ்சமா என்ன? சிவில் படிக்கிற பசங்களை ஒரு செமஸ்டர் டேப்போட அனுப்புங்க. நீளம், அகலம், உத்திரம் எத்தனை, என்ன மரம், ஒரு படம். வீட்டுக்காரர் பேரு கூட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோவில்ல புராணக் காட்சி செதுக்குன மரக்கூரையைச் சாமி கும்பிடப் போற எல்லாரும் அண்ணாந்து பாத்துட்டுத்தான் வர்றோம். வீட்டுக் கூரைக்கு அந்த யோகம் இல்ல, எழுதியாச்சும் வைப்போம்.

அடுத்து காசு. பாண்டிச்சேரியில இதைச் செஞ்சு காட்டிட்டாங்க. வைசியாள் வீதியில தமிழ் வீடுகளோட முகப்பை, திண்ணை, தாழ்வாரம் எல்லாம் பழையபடி சரிபண்ணினாங்க. செலவை மொத்தமா வீட்டுக்காரர் தலையில கட்டலை, திட்டத்துல இருந்து ஒரு பங்கு வந்துச்சு. 2008ல அந்த வீதிக்கு யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் விருது கெடைச்சுது. ஜெர்மனியில பாரம்பரிய வீட்டைச் செப்பனிட ஆன செலவைப் பல வருஷத்துக்குப் பிரிச்சு வருமான வரியில கழிச்சுக்கலாம். நம்ம ஊர்ல வீட்டு வரியில கொஞ்சம் தள்ளுபடி, சுண்ணாம்பு வேலைக்கு ஒரு சின்ன மானியம், இது போதும் ஆரம்பிக்க. செட்டிநாட்டு ஊர்கள் 2014லயே யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியலுக்குப் போயிருச்சு. அந்த அளவுக்கு நான் ஆசைப்படலை. நம்ம வீடு செட்டிநாட்டு அரண்மனையும் இல்ல.

சட்டம்? தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம்னு ஒண்ணு 2012ல நிறைவேறுச்சு, அமலுக்கு வந்தது 2024ல. பன்னெண்டு வருஷம். அந்தப் பன்னெண்டு வருஷத்துல எத்தனை லாரி காரைக்குடி போயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. 2021 வேளாண் பட்ஜெட்ல, பனை மரத்தை வெட்டணும்னா கலெக்டர்கிட்ட அனுமதி வாங்கணும்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம், கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா நூறு வருஷப் பனை, உத்திரமா ஒரு வீட்டைத் தாங்கிக்கிட்டு நின்னா, அதை இடிக்க யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்க வேண்டாம்!

ஒரு எதிர்க்கேள்வி நியாயமா வரும். "அந்தப் பட்டாசலுக்குள்ள யாரு வர முடிஞ்சுது? யாரு திண்ணையோட நின்னாங்க? மட்டப்பா தட்டுன பொம்பளைங்க அதுக்கு அப்புறம் அந்த வீட்டுக்குள்ள கால் வச்சாங்களா?" வச்சிருக்க மாட்டாங்க. இதை மறைச்சு எழுதுறது அயோக்கியத்தனம். இந்த வட்டாரத்து வீடுகளோட தடிச்ச சுவருலயே அந்த வரலாறு இருக்கு. 1899 ஜூன் 6ந்தேதி சிவகாசியைச் சூறையாடினாங்க. கோவிலுக்குள்ள போற உரிமையைக் கேட்டு எழுந்த சண்டை முத்தி வீடு வீடா எரிஞ்சுது. அதைப் பாத்த தலைமுறை அப்புறம் கட்டுன வீட்டுல சன்னல் சின்னதாவும் கதவு கனமாவும் இருந்ததுல எனக்கு ஆச்சரியம் இல்ல. சரக்கு வண்டி தங்குற பேட்டைகளைச் சுத்துச்சுவரு வச்சுக் கட்டுனதும் இதே பயத்துலதான். கோவிலுக்குள்ள விடமாட்டேன்னு சொல்லப்பட்டவங்க, மகமைக் காசு சேத்து பள்ளிக்கூடம் கட்டுனாங்க. அந்த க்ஷத்ரிய வித்யாசாலையிலதான் காமராஜரும் படிச்சாரு. அடி வாங்குனவங்க எழும்புன கதையும், எழும்புனவங்க இன்னொருத்தரைத் திண்ணையில நிறுத்துன கதையும் ஒரே வீட்டுல இருக்கு. வீட்டை இடிச்சுட்டா ரெண்டாவது கதையை மறக்கிறதுதான் ரொம்ப சுளுவாயிரும்.

நாம மனுசங்களுக்கு மணிமண்டபம் கட்டுறதுல கெட்டிக்காரங்க. 'தமிழ்நாடு'ன்னு பேரு வைக்கச் சொல்லி 1956ல இதே விருதுநகர்ல 76 நாள் உண்ணாவிரதம் இருந்து செத்துப்போன சங்கரலிங்கனாருக்கு மணிமண்டபம் இருக்கு, வேண்டியதுதான். ஆனா அவரு நடந்த தெருவுல அவரு பாத்த வீடு எத்தனை நிக்குது? காமராஜர் வீட்டை அரசு நினைவில்லமா வச்சிருக்கு. பெரிய மாளிகை இல்ல, தெருவோட தெருவா இருக்குற சின்ன வீடு. சுத்தி இருக்குற தெரு பூரா அலுமினியத் தகடும் கண்ணாடியும் ஆயிட்டா அந்த வீடு எந்த ஊர்ல இருந்துச்சுன்னு அடுத்த தலைமுறைப் புள்ளைக்கு எப்படிப் புரியும்?

காலண்டர் முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்கு புது ஆல்பம் போடுறீங்க. அதுல ஒரே ஒரு டிசைன், பன்னெண்டு மாசத்துக்குப் பன்னெண்டு நம்ம வட்டாரத்து வீடு. பனங்கை வீடு ரெண்டாவது இருக்கட்டும். வித்துதுன்னா லாபம், விக்கலைன்னா இருக்கவே இருக்கு சாமி படம்.

கடைசியா, இன்னும் பழைய வீட்டுல இருக்கிறவங்களுக்கு. மட்டப்பா ஒழுகுனா மேல சிமெண்ட் பூசாதீங்க. சுண்ணாம்புத் தளம் ஈரத்தை இழுத்து வெளிய விடும், சிமெண்ட் அதை உள்ளயே அடைச்சிரும். அந்த ஈரம் மெதுவா இறங்கி, சுவத்துக்குள்ள புதைஞ்சிருக்குற உத்திரத்தோட முனையைத்தான் மொதல்ல தின்னும். நடு உத்திரம் கல்லு மாதிரி இருக்கும், முனை மாவா உதிரும். மழைத் தண்ணி போற தூம்புவாயில இலை அடைச்சிருக்கான்னு பாருங்க, பாதி ஒழுகல் அங்கதான். அரசமரக் கன்னு முளைச்சிருந்தா குட்டியிலயே வேரோட எடுங்க. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் கெடைக்கலைன்னா கோவில் திருப்பணி நடக்கிற எடத்துல போய் விசாரிங்க, அங்க ஒரு பெரியவரு இருப்பாரு. வரும்போது அவரு கூட ஒரு சின்னப் பையனையும் வேலைக்குச் சேத்துக்கச் சொல்லுங்க, அவன் கூலியைச் சேத்துக் கொடுங்க. அப்படியும் இடிச்சுத்தான் ஆகணும்னா, லாரி வர்றதுக்கு முன்னால ஏணி போட்டு ஏறி, உத்திரத்துல ஏதாவது பேரு, வருஷம், தச்சர் அடையாளம் இருக்கான்னு சுண்ணாம்பைச் சுரண்டிப் பாத்து ஒரு படமாவது எடுத்து வைங்க.